மீட்டர் பெட்டியில் போட்ட ஓட்டை

என் அண்ணி எந்த மோட்டாரைக் கையில் கொடுத்தாலும் முதலில் மோந்து பார்ப்பார். மூடியைக் கழற்றி, மூக்கைக் கிட்டே கொண்டுபோய், கண்ணை மூடிக்கொண்டு ஒரு மூச்சு. "எரிஞ்சு போச்சு" என்பார். இல்லையென்றால், "எரியல, ஈரம் குடிச்சிருக்கு, காய வெச்சா ஓடும்" என்பார். கடை ஓனர் அதற்குப் பிறகுதான் கருவியை வைத்துச் சோதிப்பார். பெரும்பாலும் மூக்கு சொன்னதையே கருவியும் சொல்லும்.

அண்ணி வேலை செய்வது காயில் கட்டும் கடையில். தண்ணீர் மோட்டார், கிரைண்டர் மோட்டார், மின்விசிறி என்று எரிந்துபோனதெல்லாம் அங்கே வரும். கருகிய செம்புக் கம்பியைப் பிடுங்கி எறிந்துவிட்டு, புதுக்கம்பியை எண்ணி எண்ணிச் சுற்றி, வார்னிஷில் முக்கிக் காயவைத்துத் திரும்பக் கொடுப்பார்கள். பதினெட்டு வயதில் கடையைப் பெருக்கப் போனவர் அண்ணி. சுற்றுகிற ஆள் ஒருநாள் வராமல் போகவே, "நான் சுத்திப் பாக்கட்டுமாண்ணே?" என்று கேட்டு உட்கார்ந்தவர்தான், இருபது வருடமாக எழுந்திருக்கவில்லை. தெருவில் அவருக்குக் காயில் அக்கா என்று பெயர். யார் குறுக்கே பேசினாலும் எண்ணிக்கை தவறாது. "நூத்தி நாப்பத்தி ரெண்டு, சாப்டியா பாப்பா, நூத்தி நாப்பத்தி மூணு" என்று போய்க்கொண்டே இருக்கும்.

பாப்பா என்பது நான்தான். அவருடைய நாத்தனார். எனக்கு முப்பத்தொரு வயது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டு, வண்டிகளுக்கு சீட் கவர் தைக்கிறேன். மிஷின் முன்னறை ஜன்னலை ஒட்டிப் போட்டிருக்கிறது. ஜன்னலுக்கு வெளியே சந்து. அந்தச் சந்தில்தான் கார் உருவானது. அதனால் மூலை முடுக்கெல்லாம் எனக்குத் தெரியும்.

அண்ணன் லாரி ஓட்டியவர். இரண்டு வருடத்துக்கு முன்னால் சரக்கு இறக்கும்போது இரும்புத் தகடு சரிந்து வலது காலில் விழுந்தது. கால் இருக்கிறது, உடம்பைத் தாங்காது. இரண்டு பக்கமும் கட்டை ஊன்றி வாசல்வரை வருவார், திரும்பிப் போவார். ஒரு வருடம் முழுக்கச் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தார். ஆளோடு சேர்ந்து பேச்சும் படுத்துவிட்டது. சாப்பிட வாங்க என்றால் "ம்", போதுமா என்றால் "ம்".

ஒருநாள் அண்ணி ஒரு பழைய லோடு ஆட்டோவின் பின்சக்கரங்களை அச்சோடு உருட்டிக்கொண்டு வந்து சந்தில் போட்டார்.

"என்ன இது?" என்று அண்ணன் உள்ளேயிருந்து கேட்டார்.

"கார்."

"கார் எங்க?"

"வரும். முதல்ல பின்னாடி வந்திருக்கு."

அண்ணன் அன்றைக்குச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்காகவே அண்ணி எட்டு மாதம் அந்தச் சந்தில் முட்டி தேய உட்கார்ந்தார் என்று நினைக்கிறேன். கடை விட்டு வந்ததும் விளக்கு வைக்கும்வரை வேலை. ஞாயிற்றுக்கிழமை முழுக்க வேலை. சட்டம் இரும்புக் குழாய், முன்சக்கரங்கள் ஸ்கூட்டருடையவை. மோட்டார் ஒரு பேட்டரி ரிக்‌ஷாவில் எரிந்துபோனது. அதை அவரே சுற்றி, ஒன்றுக்கு இரண்டு முறை வார்னிஷில் முக்கி எடுத்தார். பேட்டரிகள் சீட்டுக்கு அடியில். மோட்டாருக்கு எவ்வளவு மின்சாரம் போக வேண்டும் என்று அளந்து விடும் கன்ட்ரோலர் அதற்குப் பக்கத்தில். வேகம் கைக்கு, பிரேக் இடது காலுக்கு. மேலே தகரக் கூரை, கடை ஷட்டருக்கு அடிக்கும் சாம்பல் பெயின்ட். வாகனப் பதிவு அலுவலகத்தில் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, மெதுவாகச் செல்லும் வாகனம் என்று ஒரு வில்லையை ஒட்டி அனுப்பினார்கள்.

எங்கள் வீட்டு மாடியில் ஒரு பஸ் கண்டக்டர் குடியிருக்கிறார். அவருக்குத் தினமும் காலையில் யாரையாவது கிண்டல் பண்ணாவிட்டால் காப்பி செரிக்காது.

"மாப்ள, இதுல ஏறணும்னா டிக்கெட் வாங்கணுமா, டின் கட்டர் வாங்கணுமா?"

"நீங்க ஏறினா ரெண்டும் வேணும். உடம்பைப் பாருங்க" என்றார் அண்ணன்.

அண்ணன் திரும்பிப் பேசியதைக் கேட்டு அண்ணி கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டார்.

கார் ஓட ஆரம்பித்த மாதமே அண்ணனுக்கு ஒரு வேலையும் கிடைத்தது. நாலு கிலோமீட்டர் தூரத்தில் ஒரு சரக்குக் கிடங்கு. வாசலில் உட்கார்ந்து வருகிற போகிற லாரிகளைப் பதிவு செய்ய வேண்டும். லாரி எண்ணைப் பார்த்ததுமே எந்த ஊர் வண்டி, என்ன சரக்கு, டிரைவர் எவ்வளவு பொய் சொல்லுவார் என்றெல்லாம் அண்ணன் சொல்லிவிடுவார். மேனேஜருக்கு அது பிடித்திருந்தது. ஆனால் கறாரான மனிதர். "மூணு மாசம் பாப்போம். கால் இப்படி இருக்குன்னு சொல்லி லீவு கேக்கக் கூடாது. வாசல்ல ஆள் இல்லன்னா லாரியெல்லாம் ரோட்ல நிக்கும். வர முடியாதுன்னா வேற ஆளைத்தான் போடணும்" என்று முதல் நாளே சொல்லிவிட்டார்.

ஐந்து வாரம் ஒரு நாள் தவறவில்லை. வெயிலில் கார் கன்றுக்குட்டி போல ஓடியது. ஆறாவது வாரம் மழை வந்தது.

கிடங்குக்குப் போகும் வழியில் ரயில் பாலத்துக்கு அடியில் சாலை பள்ளமாக இறங்கி ஏறும். அதை நாங்கள் பாலத்தடி என்போம். நாலு தூறல் போட்டாலே தண்ணீர் நிற்கும், நன்றாகப் பெய்தால் முழங்கால்வரை வரும். அன்றைக்குக் கணுக்கால் அளவுதான். முன்சக்கரம் வாரி இறைத்த தண்ணீர் சீட்டுக்கு அடியில் போய், கன்ட்ரோலரில் கம்பிகள் சேரும் இடத்தை நனைத்துவிட்டது. அதன்மேல் அண்ணி கட்டியிருந்தது ஒரு பிளாஸ்டிக் பை. கார் இரண்டு தரம் இருமி நின்றது. தெரியாத இரண்டு பேர் தள்ளிக் கொடுத்து, அண்ணன் நாற்பது நிமிடம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தார்.

மேனேஜர் கத்தவில்லையாம். கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "ஒரு தடவை ஒத்துக்கறேன். இன்னொரு தடவை வேண்டாம்" என்றாராம்.

அதைச் சொல்லிவிட்டு அண்ணன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். அண்ணி அவர் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு டார்ச்சை எடுத்துக்கொண்டு சந்துக்குப் போனார்.

காயில் கட்டுகிறவர்களுக்கு ஒரு பழக்கம். ஈரத்துக்கு அவர்களுக்குத் தெரிந்த மருந்து ஒன்றே ஒன்றுதான், வார்னிஷில் முக்குவது. கம்பிக்கும் கம்பிக்கும் நடுவில் ஒரு ஊசிமுனை இடம்கூட விடாமல் அடைத்துவிட்டால் தண்ணீர் எங்கே போகும்? கன்ட்ரோலரை முக்க முடியாது, அது சூடாகும் பொருள். அதனால் அண்ணி அதைத் தூக்கி முன்சீட்டின் முதுகுக்குப் பின்னால், மார்பு உயரத்தில் வைத்து, அதற்கு ஒரு வீடு கட்டினார். வீடுகளில் மின்சார மீட்டரை வைக்கும் பெட்டி இருக்கிறதே, கண்ணாடி போல உள்ளே தெரியும் மூடியோடு, அது. பின்பக்கம் சூட்டை வெளியே தள்ள ஓர் அலுமினியத் தகடு. மூடிக்கு ரப்பர் பட்டை. தடிமனான கம்பிகள் மூன்று பெட்டியின் அடிவழியாக மோட்டாருக்குப் போகும் துளைகளைச் சுற்றி சிலிக்கான் பசை. தகட்டின் ஓரத்தில் பசை. திருகுகளின் தலையில்கூடப் பசை.

"எறும்பு உள்ள போகணும்னா எங்கிட்ட வந்து சாவி வாங்கணும்" என்றார்.

நான் வாளி வாளியாகத் தண்ணீரை ஊற்றினேன். இருபது வாளி. திறந்து பார்த்தால் உள்ளே பொட்டுத் தண்ணீர் இல்லை. அண்ணி தன் தோளைத் தானே தட்டிக்கொண்டார்.

மூன்றாம் நாள் மழை. காலையில் ஒழுங்காகப் போன கார், மாலையில் திரும்பி வரும்போது எங்கள் தெருமுனையில் துடித்துத் துடித்து நின்றது. நல்ல வேளை, வேலை முடிந்து வருகிற நேரம். கண்டக்டரும் நாங்களும் தள்ளிக்கொண்டு வந்தோம்.

"தங்கச்சி, காரும் நம்ம பஸ்ஸைப் பாத்துக் கத்துக்குச்சு. தள்ளினாதான் வருவேங்குது."

அண்ணி பெட்டியின்மேல் டார்ச்சை அடித்தார். பெட்டியின் மூடியில் உள்பக்கம் முழுக்க நீர்த்துளிகள் கோத்துக்கொண்டு நின்றன.

ஓனரும் வந்துவிட்டார். மூடியைத் திறந்த பெட்டியைச் சுற்றி அண்ணி, ஓனர், கண்டக்டர் என்று மூன்று தலைகள். நான் பின்னால் நின்று இடுக்கில் பார்த்தேன். எனக்கு ஒன்று விசித்திரமாகப் பட்டது. தண்ணீர் வெளியிலிருந்து கசிந்து வந்திருந்தால் ஓரத்தில்தானே ஈரம் இருக்க வேண்டும்? ரப்பர் பட்டை உலர்ந்து கிடந்தது. அதன்மேல் படிந்திருந்த தூசிகூடக் கலையவில்லை. துளிகள் நின்றது மூடியின் நடுவில். விரலால் தொட்டுப் பார்த்தேன், அவ்வளவுதான். சொல்ல வேண்டும் என்று தோன்றியது. ஆனால் ஓனர், "மூலைல எங்கயோ பொசிஞ்சிருக்கும்மா, இன்னொரு சுத்துப் பசை போடு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். முப்பது வருடம் மோட்டாரோடு குடித்தனம் பண்ணியவர். அவர் பேசும்போது சீட் கவர் தைக்கிறவள் என்ன பேசுவது? வாயை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டேன். அதை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அன்றே சொல்லியிருந்தால் அண்ணி நாலு நாள் வீணாகப் பாடுபட்டிருக்க மாட்டார்.

அண்ணி இன்னொரு சுற்றுப் பசை போட்டார். ரப்பர் பட்டையை மாற்றித் தடித்ததாக வைத்தார். கம்பித் துளைகளை மேலும் இறுக்கினார். அந்த நாலு நாளும் வானம் மூட்டமாக இருந்ததே தவிரப் பெய்யவில்லை. வானொலியில் மட்டும் செவ்வாய்க்கிழமை முதல் கனமழை என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை சோதித்துப் பார்த்தோம். இந்த முறை அண்ணி வேறு மாதிரி செய்தார். கார் நின்றபடி இருக்கும்போது ஊற்றினால் என்ன தெரியும், ஓடிச் சூடானபின் ஊற்றுவோம் என்றார். மூன்று பேரும் ஏறிக்கொண்டு தெருவின் மேட்டில் ஏழெட்டுத் தரம் ஏறி இறங்கினோம். முனைக்கடைக்கு எதிரே தேங்கி நின்ற குட்டையில் நாலைந்து தரம் போய் வந்தோம். பெட்டியின் தகட்டில் கை வைக்க முடியவில்லை. வீட்டு வாசலில் நிறுத்தியதும் நான் முதல் வாளியை ஊற்றினேன். ஊற்றின கையோடு மூடியின் உள்பக்கம் புகை பிடித்தது போல மங்கியது. பத்து வாளிக்குப் பிறகு நிறுத்திவிட்டு, குளிர விட்டுத் திறந்தோம். அடியில் இரண்டு கரண்டித் தண்ணீர் கிடந்தது. முன்பைவிட அதிகம்.

அண்ணி தரையில் உட்கார்ந்துவிட்டார்.

வாசற்படியில் உட்கார்ந்திருந்த அண்ணன் கட்டைகளை ஒன்றாகச் சேர்த்துப் பக்கத்தில் சாய்த்து வைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "விடும்மா. நாளைக்குப் போய் நானே சொல்லிடறேன், வேற ஆளைப் பாத்துக்கங்கன்னு. அவங்க சொல்லி நான் வர்றத விட நானே சொல்லிட்டு வந்தா கொஞ்சம் மரியாதையா இருக்கும்."

"நீங்க வாயை மூடுங்க."

"நீ எவ்ளோ செஞ்சிட்ட. உன்னால முடியலன்னா யாராலயும்…"

"வாயை மூடுங்கன்னேன்ல."

அண்ணியின் குரல் உடைந்திருந்தது. இருபது வருடத்தில் அவர் குரல் உடைந்து நான் கேட்டதில்லை. எனக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை.

"அண்ணி, தண்ணி மூடி வழியா வரல."

இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது.

"ஓரமெல்லாம் காஞ்சிருக்கு, பாருங்க. அன்னைக்கும் அப்படித்தான் இருந்துச்சு. நடுவுலதான் வேர்த்திருக்கு. நான் ஊத்தின உடனே மங்கிடுச்சு, அவ்ளோ சீக்கிரமா தண்ணி உள்ள போக முடியாது. சுடச்சுட டிபன் டப்பாவை மூடி வெச்சா மூடில வேர்க்குமே, அந்த மாதிரி…"

"நம்ம பாப்பாவா பேசுறது?" என்றார் அண்ணன்.

அண்ணி எழுந்து வந்து ரப்பர் பட்டையைத் தடவினார். மூக்கைக் கிட்டே கொண்டுபோனார். மறுபடி தடவினார். "சரிதான், காஞ்சிருக்கு" என்றார். பிறகு தலையை ஆட்டினார். "ஆனா டிபன் டப்பா வேர்த்தா நாலு சொட்டு வரும். ரெண்டு கரண்டி எங்கேருந்து வந்துச்சு?"

அண்ணி பெட்டிக்குள் தொங்கிய தடிமனான கம்பி ஒன்றைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றார். அந்தக் கம்பி ஒற்றைக் கம்பி இல்லை. ரப்பர் உறைக்குள் தலைமுடி போன்ற மெல்லிய செம்பு இழைகள் நூற்றுக்கணக்கில் முறுக்கியிருக்கும். அண்ணி பிளேடை எடுத்து உறையைக் கீறினார். இரண்டு விரலால் அழுத்தினார். இழைகளுக்கு நடுவிலிருந்து ஒரு சொட்டு எட்டிப் பார்த்தது. அதை மோந்தார்.

"சேத்துத் தண்ணி" என்றார். "முனைக்கடைக் குட்டைத் தண்ணி. கம்பிக்குள்ளயே ஏறி வந்திருக்கு."

"கம்பிக்குள்ள எப்படி ஏறும்?" என்று அண்ணன் கட்டையை ஊன்றி எழுந்து வந்தார்.

"பெட்டி சூடானா உள்ள இருக்கற காத்து வெளிய போகப் பாக்கும். திடீர்னு தண்ணி பட்டுக் குளிர்ந்தா காத்தை உள்ள இழுக்கும். நான்தான் எல்லா வாசலையும் அடைச்சுட்டேனே. மிச்சம் இருக்கற வழி இந்தக் கம்பி ஒண்ணுதான். இதோட அந்த முனை எங்க இருக்கு? கீழ, மோட்டார்கிட்ட, தண்ணில. ஸ்ட்ரா போட்டு ஜூஸ் குடிக்கற மாதிரி உறிஞ்சியிருக்கு." அண்ணி நெற்றியில் அடித்துக்கொண்டார். "நான் இறுக்க இறுக்க நல்லா உறிஞ்சியிருக்கு. என்னைப் போய் ஊரே கைதேர்ந்த வேலைக்காரின்னு சொல்லுது!"

சொல்லிவிட்டுச் சிரித்தார். அண்ணனும் சிரித்தார். என் தலையில் ஒரு குட்டு வைத்து, "இதை அன்னைக்கே சொல்றதுக்கு என்ன? வாய்ல என்ன, நூலா வெச்சிருந்த?" என்றார் அண்ணி. வலிக்கவில்லை.

அன்று மதியமே வேலை தொடங்கியது. கம்பிகளை நடுவில் ஓர் அங்குலம் உரித்து, இழைகளை நன்றாகச் சூடு காட்டிக் காயவைத்து, அந்த இடத்தில் ஈயத்தை உருக்கி ஊற்றினார். இழைகளுக்கு நடுவில் ஈயம் நிறைந்துவிட்டால் தண்ணீர் அதைத் தாண்டி ஏற முடியாது. அதன்மேல் சூடு காட்டினால் சுருங்கி ஒட்டிக்கொள்ளும் உறையைப் போட்டார். கம்பிகள் பெட்டிக்குள் நுழையும் முன்பு கீழே தொங்கி வளைந்து மேலேறும்படி விட்டார். கம்பிமேல் வழியும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். மோட்டார் பக்கத்து இணைப்புகளில் கிரீஸை அப்பினார். பேட்டரிகளைச் சீட்டின் மட்டத்துக்கு உயர்த்திக் கட்டினார்.

கடைசி வேலை திங்கட்கிழமை கடையில் நடந்தது. பெட்டியின் அடியில் ஓர் ஓட்டை போட வேண்டும். நான் சாப்பாடு கொண்டுபோனபோது அண்ணி டிரில்லைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். ஓனர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு எதிரில் நின்றார்.

"ஏம்மா, தண்ணி வரக் கூடாதுன்னு ஓட்டை போடற ஆளை இப்பதான் பாக்கறேன்."

"பெட்டி மூச்சு விடணும்ணே. மூச்சு விட ஒரு வழி இருந்தா கம்பி வழியா உறிஞ்சாது. வேர்த்தாலும் வழிஞ்சு கீழ போயிடும்."

"நாளைக்குக் கார் நின்னா உன் வீட்டுக்காரர் வேலை போயிடும். யோசிச்சுக்கோ."

"நாலு நாளா அதைத்தாண்ணே யோசிக்கறேன்."

அண்ணி டிரில் முனையைப் பெட்டியின் அடியில் வைத்தார். பெட்டியைத் திருப்பிப் பிடித்துக்கொள்ள நான் போனேன். பேனா ரீஃபில் நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை விழுந்தது. அதில் விரல் நீள ரப்பர் குழாய் ஒன்றைச் செருகி, வாய் கீழே பார்க்கும்படி விட்டார். ஓனர் பெருமூச்சு விட்டுக்கொண்டே உள்ளே போனார். போகிற போக்கில், "குழாய் முனையைச் சரிவா வெட்டு, அப்பதான் சொட்டு தங்காது" என்றார்.

செவ்வாய்க்கிழமை விடியும்போதே மழை கொட்டிக்கொண்டிருந்தது. வேலை ஒன்பது மணிக்கு. ஏழேமுக்காலுக்கே கிளம்பினோம். முன்னால் அண்ணனும் அண்ணியும். பின்சீட்டில் நான், பெட்டியைப் பார்த்தபடி. மூடியில் என்ன தெரிகிறது என்று சொல்வது என் வேலை.

"ஓட்டைக் கப்பல்ல கூட்டிட்டுப் போறா என் பொண்டாட்டி" என்றார் அண்ணன்.

"நீச்சல் தெரியும்ல? பேசாம ஓட்டுங்க."

பாலத்தடிக்கு வந்தால் ஒரு பஸ் மூக்கைத் தண்ணீரில் வைத்துக்கொண்டு நின்றிருந்தது. நம் கண்டக்டரின் பஸ்தான். மனிதர் பேன்ட்டை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு, பையைத் தலையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"மாப்ள, திரும்பிப் போயிடு! பஸ்ஸே நின்னுடுச்சு!"

அண்ணன் காரை நிறுத்தி அண்ணியின் முகத்தைப் பார்த்தார். அண்ணி இறங்கினார். அண்ணனின் கட்டைகளில் ஒன்றை எடுத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கி, தரையைக் குத்திப் பார்த்தபடி நடந்தார். பாலத்தின் நடுவில் தண்ணீர் அவர் முழங்காலைத் தொட்டது. அங்கிருந்து திரும்பி, வா என்று கையைக் காட்டினார்.

கார் மெதுவாக இறங்கியது. தண்ணீர் மிதிபலகையில் ஏறி, என் செருப்பைத் தூக்கி, மறுபக்கம் எடுத்துக்கொண்டு போனது. மோட்டாரின் சத்தம் தண்ணீருக்குள் அமுங்கி, யாரோ போர்வைக்குள் முனகுவது போலக் கேட்டது. பாதி தூரம் போயிருப்போம். எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு லாரி வேகத்தைக் குறைக்காமல் இறங்கியது. அதன் அலை சுவர் போல எழும்பி வந்து காரின் முன்பக்கத்தில் மோதி, கூரையைத் தாண்டி எங்கள்மேல் விழுந்தது. பெட்டி முழுக்க நனைந்தது. கார் அரை நொடி தயங்கியது.

அண்ணி தண்ணீருக்குள் நின்றபடி கத்தினார். "நிக்காதீங்க! எனக்காக நிக்காதீங்க, போங்க!"

"பாப்பா, என்ன தெரியுது?" என்றார் அண்ணன், திரும்பிப் பார்க்காமல்.

மூடியின் ஒரு மூலையில் மட்டும் உள்ளங்கை அளவு மங்கல். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். மங்கல் துளிகளாகி, துளிகள் ஒன்று சேர்ந்து, பெட்டியின் ஓரமாக வழிந்து இறங்கின. அடியில் இருந்த ரப்பர் குழாயின் முனையில் ஒரு சொட்டு தொங்கியது, விழுந்தது. அடுத்தது தொங்கியது.

"வெளிய போகுதுண்ணா!" என்று கத்தினேன். "தண்ணி வெளிய போகுது!"

அவ்வளவு சத்தம் எனக்குள் இருந்தது என்று எனக்கே தெரியாது. கார் முனகிக்கொண்டே மேட்டில் ஏறியது. பின்னால் பாலத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து கண்டக்டரின் விசில் கேட்டது. "ரைட், ரைட்! போலாம், ரைட்!" என்று கத்திக்கொண்டிருந்தார். பஸ்ஸில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். அண்ணி முழங்கால் தண்ணீரில், தலையிலிருந்து ஒழுக ஒழுக, அண்ணனின் கட்டையைக் கொடி மாதிரி தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

எட்டு நாற்பதுக்குக் கிடங்கின் வாசலில் இருந்தோம். ஒரு கட்டைதான் இருந்ததால் மற்ற பக்கம் என் தோளைப் பிடித்துக்கொண்டு அண்ணன் தன் மேசைக்குப் போனார். அன்றைக்கு அங்கே வந்து சேர்ந்தது நாலே பேர். மேனேஜர் பத்து மணிக்குப் பேன்ட்டைப் பிழிந்துகொண்டு வந்தார். வாசலில் ஏழு லாரிகள் வரிசையாகப் பதிவாகி உள்ளே போயிருப்பதைப் பார்த்தார்.

"எப்படிங்க வந்தீங்க?"

"வண்டிலதான் சார்."

"அன்னைக்கு நின்னுபோச்சுன்னீங்களே, அந்த வண்டியா?"

"அதே வண்டிதான். இப்ப அதுல ஓட்டை போட்டிருக்கு."

மேனேஜர் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் உள்ளே போனார்.

மழை அதற்குப் பிறகும் ஆறு வாரம் பெய்தது. எல்லா நாளும் சுலபமாக இல்லை. ஒருநாள் ஃபியூஸ் போனது. ஒருநாள் பாலத்தடியில் இடுப்பளவு தண்ணீர் என்று கேள்விப்பட்டு, ஊரைச் சுற்றிக்கொண்டு பதினோரு கிலோமீட்டர் போனார் அண்ணன். ஆனால் ஒன்பது மணிக்கு அண்ணன் மேசையில் இல்லாத நாள் ஒன்றும் இல்லை. மூன்று மாதம் முடிந்த அன்று மேனேஜர் கையெழுத்துப் போட்ட கடிதத்தைக் கொடுத்தார். அண்ணன் அதை வீட்டுக்குக் கொண்டுவராமல் நேரே காயில் கடைக்குப் போனார். அண்ணியின் இரண்டு கையிலும் வார்னிஷ். அதனால் ஓனர்தான் கடிதத்தைப் பிரித்து உரக்கப் படித்தார். நிரந்தரம் என்ற சொல் வந்ததும் அதை மட்டும் இன்னொரு தரம் படிக்கச் சொன்னாராம் அண்ணி.

கிடங்கு வளாகத்துக்குள் சரக்கு இழுக்கும் பேட்டரி வண்டிகள் ஆறு இருக்கின்றன. மழையில் அடிக்கடி நின்றுபோகிறவை. இரண்டு முறை ஆள் வந்து பசை பூசிவிட்டுப் போனாராம். அண்ணியை ஒருதரம் வந்து பார்க்கச் சொல்லி மேனேஜர் அண்ணனிடம் கேட்டிருக்கிறார். நாளை ஞாயிற்றுக்கிழமை. டிரில், ஈயம், கிரீஸ் டப்பா, ரப்பர் குழாய் எல்லாம் பையில் எடுத்து வைத்தாகிவிட்டது. என்னையும் வரச் சொல்லியிருக்கிறார் அண்ணி. ஆறு வண்டியின் பெட்டி மூடிகளையும் நான் முதலில் பார்க்க வேண்டுமாம், தான் பிறகுதான் தொடுவாராம்.

காரின் கூரை ஒரு இடத்தில் ஒழுகுகிறது. அது சரியாகப் பின்சீட்டுக்கு மேலே, என் தலைக்கு நேராக. இப்போதெல்லாம் நான் பேசுகிறவள் ஆகிவிட்டேன் இல்லையா, அதையும் சொன்னேன்.

"மனுஷி நனைஞ்சா துடைச்சுக்கலாம் பாப்பா" என்றார் அண்ணி. "முதல்ல அந்த ஆறு வண்டியையும் முடிப்போம்."